அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறதா? ட்யூப்லைட்டை எல்.இ.டி.யாக மாற்றும்போது

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் பழசு, ஒயரிங்கும் பழசு. போன மாதம் நான்கு ட்யூப்லைட்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. பேட்டன் (விளக்கும் பட்டியும் ஒன்றாகவே வரும் நீள விளக்கு) மாட்டினேன். மூன்று விளக்கு ஒரே காலையில் முடிந்தது, நான்காவது இரண்டு நாள் இழுத்தது. அந்த நான்காவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பழைய ட்யூப் 36 வாட்தான், ஆனால் பட்டியில் இருக்கும் செம்புச் சோக் தன் பங்குக்கு இன்னும் 10 வாட்டுக்கு மேல் இழுக்கும். மொத்தம் 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாலடி பேட்டன் 20 வாட். தினம் 6 மணி நேரம் எரிந்தால், விளக்கு ஒன்றுக்கு மாதம் 5 யூனிட் மிச்சம்.

எலக்ட்ரிக் சாமான் கடைகள் நிறைந்த லோஹார் சாலில் பழைய பட்டியிலேயே பொருத்துகிற எல்.இ.டி. ட்யூபும் கிடைக்கும். வேண்டாம் என்பேன். பெரும்பாலும் சோக், ஸ்டார்டர் இரண்டையும் தவிர்த்து உள்ஒயரை மாற்ற வேண்டும், எந்த முனையில் கரண்ட் கொடுப்பது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். முழு பேட்டனே வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் வாட்டோடு லூமெனையும் (வெளிச்சத்தின் அளவு) பாருங்கள், 20 வாட்டுக்கு 2000 லூமெனாவது வேண்டும். கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும்: 6500 கெல்வின் பளிச்சென்ற வெள்ளை, சமையலறைக்குச் சரி. ஹாலுக்கு 4000தான் கண்ணுக்கு இதம்.

மெயினை அணைத்து, பட்டியைக் கழற்றி, கிளிப் அடித்து, இரண்டு ஒயரையும் கனெக்டரில் முறுக்கினால் வேலை முடிந்தது.

என் நான்காவது பேட்டன் நன்றாகத்தான் எரிந்தது. இரவு ஸ்விட்சை அணைத்த பிறகும் நிலா வெளிச்சம் போல மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. பேட்டன்தான் கோளாறு என்று மாற்றி வாங்கி வந்தேன். அதுவும் மினுங்கியது.

காரணம் ஸ்விட்ச் போர்டில் இருந்தது. ஸ்விட்ச் ஃபேஸை (கரண்ட் வரும் ஒயர்) வெட்ட வேண்டும், அங்கே நியூட்ரலை (கரண்ட் திரும்பும் ஒயர்) வெட்டிக்கொண்டிருந்தது. அணைத்தாலும் விளக்குவரை ஃபேஸ் வந்து நிற்கும். பக்கத்து ஒயர், சுவர் வழியாகக் கசியும் துளி மின்சாரமே எல்.இ.டி. மினுங்கப் போதும். பழைய ட்யூபுக்கு அது போதாது, அதனால் இத்தனை வருடமும் தெரியவில்லை. மினுங்கல் சின்ன விஷயம். ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி விளக்கைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும், அதுதான் பயம்.

கண்டுபிடிக்க: பேட்டனைக் கழற்றுங்கள். ஒயர் முனைகள் எதிலும் படாமல் தள்ளி இருக்கட்டும். ஸ்விட்ச் அணைந்த நிலையில் மெயினைப் போட்டு, முனைகளை டெஸ்டரால் மட்டும் தொடுங்கள். ஏதாவது ஒன்றில் டெஸ்டர் நன்றாக எரிந்தால் ஸ்விட்ச் நியூட்ரலில் இருக்கிறது. கரண்ட் வருகிற பிளக்கில் டெஸ்டரை முதலில் சோதித்துக்கொள்வது முக்கியம், செத்த டெஸ்டர் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்றே காட்டும்.

எங்கள் போர்டுக்கு வரும் இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. மெயினை அணைத்து மாற்றிப் போட்டதும் மினுங்கல் நின்றது. அதே போர்டின் பிளக்கையும் பாருங்கள்: எர்த் ஓட்டை மேலே இருக்க, வலது ஓட்டையில்தான் ஃபேஸ் வர வேண்டும். போர்டைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மாடி வீட்டு மாமா எம்.சி.பி.யை (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) மட்டும் அணைத்து டெஸ்டர் வைத்தார், எரிந்தது! அவர் வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மீட்டருக்குப் பக்கத்திலேயே மாறியிருக்கின்றன, எம்.சி.பி. நியூட்ரலைத்தான் வெட்டுகிறது. அதனால் எம்.சி.பி.யை நம்பாதீர்கள். இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டும் மெயின் ஸ்விட்சை அணைத்து, மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

இன்னொருவர் வீட்டில் ஒயரிங் சரி, ஸ்விட்சுக்குள் இருந்த குட்டி இண்டிகேட்டர் விளக்குதான் மினுங்கலுக்குக் காரணம். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போட்டதும் தீர்ந்தது.

பழைய ட்யூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் பேப்பரில் சுற்றி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். செம்புச் சோக்கை பங்கார்வாலா (பழைய சாமான் வாங்குபவர்) எடைக்கு வாங்கிக்கொள்வார்.