பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் சென்சார்: ஈஎஸ்பி32-ஐத் தூங்க வைப்பது எப்படி?

ஐஓடி (இணையத்தோடு பேசும் பொருட்கள்), எட்ஜ் ஏஐ, டைனிஎம்எல் (சின்னச் சிப்பிலேயே ஓடும் ஏஐ) என்று, கருவிகளுக்குள் சின்னக் கணினியைப் பொதிக்கும் எம்பெடட் துறையில் புதுப்புதுப் பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு சிப்பை ஒழுங்காகத் தூங்க வைக்கப் பழகுங்கள். பேட்டரியில் ஓடும் எந்தக் கருவிக்கும் அதுதான் உயிர்நாடி.

தேவையானவை: ஒரு ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிச் சிப் பொருத்தியது), டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பிரெட்போர்டு, நாலைந்து ஒயர்கள், கணினியில் ஆர்டுயினோ ஐடிஇ (நிரல் எழுதி போர்டில் ஏற்றும் மென்பொருள்).

படி 1: போர்டை இணையுங்கள்

யுஎஸ்பி கேபிளைச் செருகியும் ஐடிஇ-யில் போர்ட் தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது. இன்னொன்று, இந்தச் சிப்பின் பின்கள் (இணைப்புக் கால்கள்) 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 2: சென்சாரை இணையுங்கள்

சென்சாரின் மின்சாரக் காலை 3.3 வோல்ட்டுக்கும், கிரவுண்டை கிரவுண்டுக்கும், டேட்டா காலை 4-ஆம் பின்னுக்கும் கொடுங்கள். டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் அந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் சென்சார் அந்த ஒயரின் வோல்ட்டைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும், மறுபடி மேலே தூக்கி நிறுத்துவது ரெசிஸ்டரின் வேலை. இதை விட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடியிருக்கிறேன்.

டல்லாஸ் டெம்பரேச்சர் லைப்ரரியைச் சேர்த்து ஓடவிட்டு, போர்டு அனுப்புவதைக் காட்டும் ஐடிஇ-யின் சீரியல் மானிட்டரைப் பாருங்கள். −127 வந்தால் சென்சாரோடு தொடர்பே இல்லை, ஒயரையும் ரெசிஸ்டரையும் சரிபாருங்கள். 85 வந்தால், சென்சார் அளந்து முடிப்பதற்குள் நீங்கள் படித்துவிட்டீர்கள். மின்சாரம் வந்ததும் அதனுள் இருக்கும் ஆரம்ப மதிப்பு அது. 12-பிட் துல்லியத்தில் அளக்க முக்கால் நொடி வரை ஆகும், காத்திருங்கள்.

படி 3: தூங்க வையுங்கள்

இதுதான் முக்கியமான இடம். வைஃபையோடு விழித்திருக்கும்போது சராசரியாக 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 20 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே போர்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 3 நொடி மட்டும் விழித்து, மீதி நேரம் டீப் ஸ்லீப்பில், அதாவது சிப்பின் பெரும்பகுதி அணைந்த ஆழ்ந்த தூக்கத்தில், கிடந்தால்? அப்போது சிப் எடுப்பது சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான். சராசரி அரை மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும், பேட்டரி ஐந்து மாதம் தாண்டும்.

குறித்த நேரத்தில் எழுப்பும் டைமர் வேக்கப்புக்கு நேரத்தை மைக்ரோ நொடியில் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் என்றால் 60 கோடி. ஒரு மணி நேரம் என்றால் 360 கோடி, அது சாதாரண இன்ட் (முழு எண்) வகையில் அடங்காது (அதன் எல்லை சுமார் 214 கோடி), அதனால் எண்ணுக்குப் பின்னால் யுஎல்எல் (ULL) சேர்த்து எழுதுங்கள்.

விழித்தவுடன் நிரல் விட்ட இடத்திலிருந்து தொடராது, நிரலின் தொடக்கப் பகுதியான செட்டப்பிலிருந்தே மறுபடி ஆரம்பிக்கும். சாதாரண மாறிகளில் வைத்திருந்ததெல்லாம் போய்விடும்.

படி 4: ஆர்டிசி நினைவகம்

டீப் ஸ்லீப்பிலும் அழியாத சின்ன நினைவகம் ஒன்று உள்ளே இருக்கிறது. மாறியை அறிவிக்கும்போது ஆர்டிசி டேட்டா அட்ரிபியூட் (RTC_DATA_ATTR) என்ற குறியை முன்னால் போட்டால் போதும். ஆறு அளவுகளை அங்கே சேர்த்து வைத்து, மணிக்கு ஒரு முறை மட்டும் வைஃபையைத் திறந்து அனுப்புங்கள். அப்புறம் இன்னும் ஒரு படி மேலே போய், வெப்பநிலை அரை டிகிரியாவது மாறியிருந்தால் மட்டும் அனுப்பு என்று ஒரு இஃப் (நிபந்தனை வரி) போட்டுப் பாருங்கள். எட்ஜ் ஏஐ-யின் அடிப்படை எண்ணமும் இதுவேதான்: ரேடியோ மின்சாரத்தைக் குடிக்கிறது, ஆகவே எது அனுப்பத் தகுந்தது என்பதைச் சிப்பே முடிவு செய்யட்டும். அங்கே இஃப்புக்குப் பதில் சின்ன நியூரல் நெட்வொர்க் இருக்கும்.

படி 5: அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை பேட்டரியோடு தொடராக இணைத்து, தூக்கத்தில் போகும் கரண்டைப் பாருங்கள். மைக்ரோ ஆம்பியருக்குப் பதில் 5 மில்லி ஆம்பியர் காட்டினால் நிரலைச் சந்தேகப்பட வேண்டாம்: போர்டில் இருக்கும், வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், பவர் எல்இடி, யுஎஸ்பி சிப் இவை தூங்குவதே இல்லை. இந்த 5 மில்லி ஆம்பியர் ஒன்றே ஐந்து மாதக் கணக்கைப் பதினைந்து நாளாகச் சுருக்கிவிடும், அதனால் பேட்டரியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் குறைந்த கரண்டில் இயங்கும் ரெகுலேட்டர் உள்ள போர்டாகப் பார்த்து வாங்குங்கள்.