முதல் கோளக் கொத்தைப் பார்க்க: கேட்டையிலிருந்து எம்4-க்கு

கோளக் கொத்து, அதாவது ஏராளமான நட்சத்திரங்கள் பந்து போலத் திரண்டிருக்கும் கூட்டம், ஒன்றை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எம்4 என்ற கொத்தைத்தான். இதைவிடப் பிரகாசமான கொத்துகள் உண்டு, ஆனால் இதற்கு வழிகாட்ட கேட்டை நட்சத்திரமே பக்கத்தில் நிற்கிறது, தேடி அலைய வேண்டியதில்லை.

ஜூன், ஜூலையில் இருட்டியதும் விருச்சிகம் தெரியும். நிலா இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் 20 நிமிடமாவது செல்போனைத் தொடாதீர்கள், கண் இருட்டுக்குப் பழகாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சரி, தேளின் நடுவில் சிவந்து மின்னும் கேட்டையை பைனாகுலரில் பிடித்தாயிற்றா? அதற்கு மேற்கே, அதாவது வானம் நகர்ந்துகொண்டிருக்கும் பக்கமாக, மூன்று முழுநிலாக்களை ஒட்டி வைத்தால் வருவதைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில், கரும்பலகையில் சாக்பீஸ் புள்ளியை விரலால் தேய்த்துவிட்டது போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். அதுதான்.

தெரியவில்லையா? கேட்டையின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கலாம். பைனாகுலரை லேசாக நகர்த்தி அதை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, திட்டு இருக்க வேண்டிய இடத்தை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கலான வெளிச்சம் ஓரக்கண்ணுக்குத்தான் நன்றாகப் பிடிபடும்.

டெலஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, 100 மி.மீ. விட்டமே போதும். குறைந்த பெருக்கத்தில் பிடித்துக்கொண்டு, அப்புறம் 100 மடங்கு வரை ஏற்றுங்கள். புகை மாதிரி இருந்தது பொடிப்பொடியாக உடையும், நடுவில் வடக்குத் தெற்காகச் சில நட்சத்திரங்கள் கோடு கிழித்தது போல நிற்கும். எனக்கு இந்தக் கொத்தில் மிகவும் பிடித்தது அந்தக் கோடுதான். பல கொத்துகளில் நடுப்பகுதி ஒரே வெளிச்சக் குவியலாகத் தெரியும். இது தளர்வானது, சுமார் 6,000 ஒளியாண்டு தூரம்தான், அதனால் பிரிகிறது. 1764-ல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே (எம்4-ல் உள்ள ‘எம்’ அவர் பெயரின் முதலெழுத்துதான்) தன் டெலஸ்கோப்பில் தனித்தனி நட்சத்திரங்களாகப் பார்க்க முடிந்த ஒரே கோளக் கொத்தும் இதுதான்.

பார்த்தது எம்4 தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பாக இருந்தால் கொத்தை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பூமி சுழல்வதால் கொத்து மெல்ல விலகிப்போகும். தொடாமல் காத்திருங்கள், 6 நிமிடத்துக்குச் சற்று முன்பே கேட்டை தகதகவென்று அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

அடுத்து எம்80, இதுவும் ஒரு கோளக் கொத்துதான். தேளின் தலையில் இருக்கும் அனுஷத்தின் மூன்று நட்சத்திரங்களில் வடகோடியில் உள்ளதற்கும் கேட்டைக்கும் நடுப்பாதியில், வால் இல்லாத வால்நட்சத்திரம் போல உருண்டையாக இருக்கும்.