மக்களவையில் வட்டாரத் தொழிலுக்காகக் கேள்வி எழுப்புவது எப்படி?

ஆட்சியில் இல்லாத உறுப்பினர், தம் வட்டாரத் தொழிலைப் பாதிக்கும் வணிகக் கொள்கைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதற்குக் கேள்வி நேரத்தைவிடச் சிறந்த கருவி இல்லை என்பதே என் கருத்து. பொருள் எந்த அமைச்சகத்துக்குரியது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் நூல் விலைச் சிக்கல் ஜவுளி அமைச்சகத்தைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு விதிக்கப்பட்டது போன்ற சுங்க வரிகள் நிதி அமைச்சகத்தின் பொறுப்பாகும்.

கேள்விக்கான அறிவிப்பைக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே அளிக்க வேண்டும். ஒரு நாளுக்கு அவையில் வாய்மொழிப் பதில் பெறும் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளே பட்டியலில் இடம்பெறும், அவையும் குலுக்கலில் தேர்வாகின்றன என்பதால், எழுத்துமூலப் பதிலையும் குறைவாக மதிப்பிடக் கூடாது.

கேள்வியின் வாசகத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. "அரசு நடவடிக்கை எடுக்குமா?" என்று கேட்டால் வழக்கமான மழுப்பல்தான் வரும், "கடந்த 3 நிதியாண்டுகளில் எவ்வளவு பருத்தி இறக்குமதியானது, அதில் வசூலான வரி எவ்வளவு?" என்று ஆண்டுவாரியாகக் கேட்டால், அமைச்சகம் எண்களைத் தராமல் நழுவுவது கடினம். வாய்மொழிப் பதில் கிடைக்கும் நாளில், அந்த எண்களிலிருந்தே துணைக் கேள்வியைத் தொடுக்கலாம். பதில் நிறைவளிக்காவிட்டால், மக்களவை நடைமுறை விதிகளில் விதி 377-இன் கீழ் அதே சிக்கலை மீண்டும் அவையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்.