டிஜேயைப் பேசி முடிக்கும் முன்

நான் டிஜே அல்ல. நிகழ்ச்சி அரங்குகளில் ஒலி, ஒளி, மின் இணைப்பு ஆகியவற்றைக் கவனித்துக்கொள்வது என் தொழில். பெட்டிகளை இறக்கியதும் "பிளக் எங்கே?" என்று டிஜேக்கள் கேட்பது என்னைத்தான். இரவு கடைசி வயரைச் சுருட்டும்வரை அரங்கின் பின்பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் திருமணத்துக்கோ விருந்துக்கோ யாரை அமர்த்தலாம், யாரைத் தவிர்க்கலாம் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்துகள் சேர்ந்துவிட்டன.

மாதிரி ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பெரும்பாலோர் டிஜேயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் தாளம் பிசகாமல் நுழையும், கேட்பவர் மயங்கிவிடுவார். ஒரு காலத்தில் அது வருடக்கணக்கான பயிற்சியில் வரும் வித்தை. டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியின் 1979ஆம் ஆண்டு வடிவத்தில், தட்டின் வேகத்தை 8 சதவீதம்வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்துகோல் இருந்தது. இரண்டு தட்டுகளின் தாளத்தையும் காதால் கேட்டு, அந்தக் கோலை மயிரிழை நகர்த்தி ஒன்றுசேர்க்க வேண்டும். இன்று அதே வேலையை மென்பொருளின் ஒரு பொத்தான் செய்துவிடுகிறது. ஆகவே வழுவழுப்பான ஒலிப்பதிவு, ஆள் நல்லவரா என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பதிவுக்கு எதிரே ஒரு கூட்டமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் டிஜேயை எடைபோடுவது யாரும் ஆடாத முதல் ஒரு மணி நேரத்தில். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். நீண்ட நாள் பார்க்காதவர்கள் நலம் விசாரித்துக்கொள்வார்கள். இசை அவர்களுடைய பேச்சுக்கு அடியில் ஓட வேண்டும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். இசை அதைத் தாண்டினால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் இன்னும் உயர்த்துவார்கள். சுற்றுச் சத்தம் ஏறினால் மனிதர் அறியாமலே குரலை ஏற்றுவதை பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911இலேயே எழுதிவிட்டார். இது தெரியாத டிஜே, "கூட்டம் சத்தம் போடுகிறதே" என்று இசையை இன்னும் கூட்டுவார். அரை மணி நேரத்தில் பெரியவர்கள் வெளி வராந்தாவில் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனவே நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஆட்டம் தொடங்கும் முன் என்ன போடுவீர்கள்?" நல்லவர் பதிலுக்கு உங்களைக் கேட்பார்: அந்த நேரம் எவ்வளவு நீளம், யார் யார் வருகிறார்கள், பெரியவர்களை எங்கே உட்கார வைக்கப்போகிறீர்கள். "நான் வந்துவிட்டால் எல்லோரும் ஆடிவிடுவார்கள்" என்று சொல்பவருக்கு நன்றி கூறி அனுப்பிவிடுங்கள்.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. அதனாலேயே கேளுங்கள்: "ஆடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கலைந்துபோனால் என்ன செய்வீர்கள்?" எல்லா டிஜேக்கும் இது நேர்ந்திருக்கும், நேர்ந்ததில்லை என்பவர் புதியவர், அல்லது பொய் சொல்கிறார். இந்தக் கலையின் பெரிய திருப்பமே கூட்டத்தைக் கவனித்ததில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு இயக்கிய கூல் ஹெர்க், பாட்டின் நடுவே மேளம் மட்டும் தனித்து வரும் பகுதிக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதைக் கவனித்தவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு அந்தச் சில நொடிகளை நீட்டினார். ஹிப்ஹாப்பின் பிறப்பை அந்த இரவிலிருந்து கணக்கிடுகிறார்கள். உங்கள் விருந்தில் வரலாறு படைக்க வேண்டியதில்லை. திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் ஆள் போதும். முடிந்தால் அவர் பணியாற்றும் பொது நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய், பாட்டை விட்டுவிட்டு அவருடைய கண்களைக் கவனியுங்கள். மடிக்கணினியிலேயே குத்தி நிற்கின்றனவா, கூட்டத்தின் மேல் ஓடுகின்றனவா?

மைக்கைப் பற்றி யாருமே விசாரிப்பதில்லை. நிகழ்ச்சிகளில் நான் பார்க்கும் அலங்கோலங்களில் பாதி அதில்தான். திருமணம் என்றால் வாழ்த்துரை உண்டு, அறிவிப்பு உண்டு, கைநடுங்க எழுதி வந்ததைப் படிக்கும் நண்பர் ஒருவர் உண்டு. கம்பியில்லா மைக்கில் புதிய பேட்டரி, கைவசம் இன்னொரு மைக், அதிலும் ஒன்று கம்பி உள்ளதாக இருந்தால் நல்லது. மைக்கோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்துபோனால் வீல் என்று அலறும். பேசுபவரை எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் டிஜே விவரம் அறிந்தவர். அறிவிப்பும் அவரே செய்வதாக இருந்தால் இசை மாதிரியை ஒதுக்கிவிட்டு, அவர் பேசிய பதிவைக் கேளுங்கள். இன்னும் எளிய வழி: இரு வீட்டாரின் பெயர்களை எழுதி அனுப்பி, தொலைபேசியில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெயரைக் கொல்கிறாரா, தெரியாத உச்சரிப்பை நிறுத்திக் கேட்கிறாரா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு "கை தட்டுங்கள்" என்று கூவுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. உங்களுக்குப் பிடித்தால் அது உங்கள் விருந்து.

சிலர் ஆயிரக்கணக்கான வாட் என்று எண்ணைச் சொல்லி அசத்துவார்கள். வாட்டைப் பத்து மடங்காக்கினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். ஒலிபெருக்கிகளை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பார் என்பதே முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. முன்னால் மட்டும் இரண்டை வைத்துக் கடைசி வரிசையை எட்ட முயன்றால் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கூர்மையான ஒலிகளை மனித உடலே உறிஞ்சிவிடும்; ஆகவே ஒலிபெருக்கிகள் தாங்கியின் மேல் தலைகளுக்கு மேலே நிற்க வேண்டும். அரங்கின் நீள அகலத்தையும் ஆள்கணக்கையும் கேட்காமலே கருவிப் பட்டியலைச் சொல்பவர், எல்லா இடத்துக்கும் ஒரே பெட்டிகளைக் கொண்டுபோகிறவர்.

பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த அளவு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது. அதுவும் மேல்வரம்புதான், விருந்துக்கு அதில் வெகு தூரம் கீழேயே தாராளமாக ஆடலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள். படபடவென்று வெட்டும் ஒளிவிளக்கு வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தாகலாம். புகை எந்திரம் சில இடங்களில் தீ எச்சரிக்கை மணியை அடிக்க வைக்கும். இரண்டுக்கும் முன்பே அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

"மடிக்கணினி நின்றுபோனால்?" என்றும் கேளுங்கள். இன்னொரு கருவி, பாட்டுகள் நிரப்பிய யுஎஸ்பி, எத்தனை நொடியில் மாற்றுவேன் என்று பதில் செயலாக வர வேண்டும். "என்னுடையது நிற்காது" என்பது பதிலாகாது. பாட்டுகளை இணையத்திலிருந்து நேரடியாக ஓடவிடுபவரை நான் நம்புவதில்லை. நூறு கைபேசிகள் கூடும் இடத்தில் இணைப்பு முதலில் தடுமாறும். அதோடு தனிநபர் சந்தாக்களின் விதிகள் பொதுவாக இத்தகைய பயன்பாட்டை அனுமதிப்பதில்லை.

பாட்டுப் பட்டியல் கொடுங்கள்; அது சிறியதாக இருக்கட்டும். நான்கு மணி நேரத்தில், பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்தால் எழுபதுக்கும் குறைவான பாட்டுகளே போகும். நீங்கள் நூறு எழுதிக் கொடுத்தால், கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க அவருக்கு இடமே இல்லை. அதற்கு ஒரு கைபேசி போதுமே. கட்டாயம் வேண்டியவை பத்துப் பன்னிரண்டு, கூடவே கூடாதவற்றின் பட்டியல் ஒன்று. இந்த இரண்டாவதுதான் உண்மையில் உதவும். பிரிந்துபோன ஒருவரை நினைவூட்டும் பாட்டு எது என்பது டிஜேக்கு எப்படித் தெரியும்? அன்று இரவு விருப்பப் பாட்டுகளைக் கொண்டுவர வீட்டார் ஒருவரை மட்டும் நியமியுங்கள். இல்லையென்றால் மாமாக்கள் வரிசையாக வந்து, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவி மேல் சாய்வார்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். நேரில் வரப்போகிறவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். ஒருவரைக் காட்டிப் பேசி வேறொருவரை அனுப்புவது இந்தத் தொழிலில் புதிதல்ல. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மாற்று யார், கருவி பொருத்தும் நேரம் கட்டணத்தில் சேர்ந்ததா, நேரம் நீண்டால் மணிக்கு எவ்வளவு, ரத்தானால் முன்பணம் என்னவாகும் ஆகியவையும் வரட்டும்.

கடைசியாக, ஒரு வாரம் முன்பே டிஜேயின் எண்ணை அரங்கின் தொழில்நுட்பப் பொறுப்பாளரிடமும், அவருடைய எண்ணை டிஜேயிடமும் கொடுத்துவிடுங்கள். விளக்குகளும் ஒலிக்கருவிகளும் ஒரே மின் இணைப்பில் சேர்ந்தால் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று இரைச்சல் கிளம்பக்கூடும்; சில அரங்குகளில் ஒலி எல்லை மீறினால் மின்சாரமே துண்டிக்கப்படும். அதையெல்லாம் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.