‘கெட்’: கால் இடறும் இடங்கள்

ஆங்கிலத்தில் ‘கெட்’ (get) என்றால் வாங்கு, பெறு, கிடை. இறந்த காலத்தில் ‘காட்’ (got). இது எல்லோருக்கும் தெரியும். இதில் வரும் சில்லறைப் பிழைகள் பேசப் பேசத் தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடலாம். பல வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்களிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகள் வேறு. புதிதாகக் கற்க வருகிறவர்களும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள்.

பிறர் செய்த வேலையைத் தன் பெயரில் சொல்வது

‘பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன்’, ‘கண் செக் பண்ணினேன்’ என்று தமிழில் சொன்னால் குழப்பமில்லை. செய்தது டாக்டர் என்பது கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலம் அப்படி விடாது. ‘ஐ புல்ட் அவுட் மை டூத்’ என்றால் பல்லைப் பிடுங்கியது நீங்களேதான். ‘ஐ காட் மை டூத் புல்ட் அவுட்’ என்றால்தான் இன்னொருவர் பிடுங்கினார் என்றாகும்.

பல் விஷயத்தில் நஷ்டம் ஒன்றுமில்லை. வேலை விஷயத்தில் உண்டு. நேர்காணலில் ஒருவர் ‘ஐ ரீடிசைன்ட் த டேட்டாபேஸ்’ என்கிறார். வெளி ஆளிடம் கொடுத்து மாற்றி வாங்கியதைத்தான் சொல்ல வந்தார். எந்த டேபிளை எப்படிப் பிரித்தீர்கள் என்று அடுத்த கேள்வி வருகிறது. பதில் இல்லை. எதிரே இருப்பவர் இதை இலக்கணப் பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டார், பொய் என்றே எடுத்துக்கொள்வார். ‘ஐ காட் த டேட்டாபேஸ் ரீடிசைன்ட்’ என்றிருந்தால், ஆள் பிடித்து வேலையை முடிக்கத் தெரிந்தவர் என்ற பெயர் கிடைத்திருக்கும். செய்வினை, செயப்பாட்டுவினையைப் பக்கம் பக்கமாக மாற்றி எழுத வைத்துவிட்டு, தினமும் தேவைப்படும் இந்த அமைப்பை ஒரே வரியில் தாண்டிப் போகிற பாடம் எரிச்சலைத்தான் தருகிறது.

அமைப்பு இதுதான்: முதலில் ‘கெட்’, அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘ஐ காட் ரிப்பேர்ட் த கார்’ தவறு, ‘கார்’ நடுவில் வர வேண்டும். ‘கெட்’டின் இடத்தில் ‘ஹேவ்’ வந்தால் வரிசை இன்னும் முக்கியம். ‘ஐ ஹேட் த கார் ரிப்பேர்ட்’ என்றால் வேறு யாரோ சரிசெய்தார். ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் த கார்’ என்றால் நானே ஏற்கெனவே சரிசெய்திருந்தேன். சொற்கள் அதே ஐந்து, செய்த ஆள் மாறிவிட்டார்.

இன்னொரு இடம் வினையின் வால். ‘செக்ட்’ என்பதன் கடைசி ‘ட்’ காதில் சரியாக விழுவதில்லை. அதனால் ‘ஐ காட் இட் செக்’ என்று பேசி, அப்படியே எழுதவும் செய்கிறார்கள்.

பொருளுக்குப் பதில் ஆளைச் சொன்னால் ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டுக்கும் ‘டு’ கிடையாது. அர்த்தமும் ஒன்றல்ல. ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் கட்டாயப்படுத்திப் போட வைத்தேன். ‘காட்’ என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தேன். ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றால் சொன்னேன், அவரும் போட்டார், அவ்வளவுதான்.

‘கெட்’, பொருள், மூன்றாம் வடிவம் என்று வந்தாலே வேறொருவர் செய்தார் என்று மனப்பாடமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. ‘ஐ காட் த ரிப்போர்ட் ஃபினிஷ்ட்’ என்றால் நானே ஒருவழியாக முடித்தேன் என்றும் பொருள் வரும். ‘ஐ காட் மை ஃபிங்கர் ஜாம்ட் இன் த டோர்’ என்பதில் யாரையும் ஏவவில்லை, கதவில் விரல் நசுங்கிவிட்டது.

‘காட் டு’

‘ஐ காட் டு மீட் ஹர்’ என்றால் அவரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தது. ‘ஐவ் காட் டு மீட் ஹர்’ என்றால் சந்தித்தே ஆக வேண்டும். வித்தியாசம் அந்த ஒரு ‘வ்’. வேகமாகப் பேசும்போது அதுவும் தேய்ந்துவிடும், சூழலை வைத்துத்தான் பிடிக்க முடியும். எழுதும்போது கட்டாயத்துக்கு ‘ஐ ஹேவ் டு’ என்றே எழுதுங்கள்.

பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வெளியே விநோதமாகக் கேட்கும். உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்ஸிக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. சைக்கிளும் குதிரையும் பஸ்ஸோடு சேரும், ஏனென்றால் அவற்றின் மேலே உட்காருகிறோம். ‘கெட் டவுன்’ ஏணிக்கும் மரத்துக்கும் பொருந்தும்.

‘காட்டன்’

‘காட்டன்’ (gotten) என்பது ‘கெட்’டின் இன்னொரு மூன்றாம் வடிவம். அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஐவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறவருக்கு ‘காட்’ போதும். ஒரே கட்டுரையில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

‘கெட் மேரீட் வித்’

‘வித்’ இல்லை, ‘டு’தான்: ‘கெட் மேரீட் டு’.

‘கெட் டு ஹோம்’

‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘கெட் டு த ஆஃபீஸ்’ சரி.