உயர்நிலைப் பள்ளி தேடும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிக்கிற வருடம் வந்துவிட்டால் வீட்டிலும் வெளியிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: "எது நல்ல ஸ்கூல்?" கேள்வியிலேயே பாதிச் சறுக்கல் இருக்கிறது. யாருக்கு நல்ல பள்ளி என்பதை அது கேட்பதே இல்லை. பதினோரு பன்னிரண்டு வயதில் உள்ளே போகிற பிள்ளை கிட்டத்தட்ட பெரிய ஆளாகத்தான் வெளியே வரும். அந்த ஆறேழு வருடங்களில் பரிசளிப்பு விழாக்கள் நாலைந்து இருந்தால் அதிகம். மீதியெல்லாம் சாதாரண நாட்கள்: கணக்குப் பாடம் புரியாமல் உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமை, சிநேகிதியோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட்ட வியாழக்கிழமை. அந்த மாதிரி ஒரு நாளில் உங்கள் பிள்ளைக்கு அங்கே என்ன நடக்கும்? பள்ளி தேடும்போது கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, இதை விட்டுவிட்டு வேறு எதையோ பார்ப்பதால் வருபவை.

தேர்வு முடிவை மட்டும் பார்ப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது தேர்ச்சி விகிதம். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கிறது. ஒரு பள்ளி நுழைவுத் தேர்வு வைத்து, சராசரியாக 90 மதிப்பெண் எடுக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்க்கிறது. அவர்கள் வெளியே வரும்போது சராசரி 88. இன்னொரு பள்ளி வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. உள்ளே வரும்போது 60 இருந்த சராசரி வெளியே போகும்போது 74. விளம்பரத்தில் முதல் பள்ளிதான் மின்னும். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் பதில் வேறு. இங்கிலாந்தில் 2016 முதல் அரசுப் பள்ளிகளை ஒப்பிட, தொடக்கப் பள்ளி முடிவில் இதே நிலையில் இருந்த மற்ற மாணவர்களைவிட இந்தப் பள்ளி மாணவர்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்க்கும் அளவீட்டைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். உங்கள் ஊரில் அப்படி ஒரு கணக்கு வெளியாகவில்லை என்றாலும் பரவாயில்லை. "மாணவர்களை எந்த அடிப்படையில் சேர்க்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

"நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பார்த்தால் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த அணியில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசித் தேர்வை எழுதியவர்கள் எத்தனை பேர்? 120 பேர் சேர்ந்து 95 பேர்தான் எழுதினார்கள் என்றால் மீதி 25 பேர் எங்கே போனார்கள்? சிலர் ஊர் மாறிப் போயிருக்கலாம். படிப்பில் பின்தங்கியவர்களை "வேறு பள்ளி பாருங்கள்" என்று முன்கூட்டியே அனுப்பிவிடுகிற பள்ளிகளும் உண்டு. நம் பிள்ளை அந்த 25 பேரில் ஒருவராக இருக்க மாட்டார் என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கிறார்கள். அந்த 25 பேரின் பெற்றோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பெயர் பெற்ற பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் போதும், பிள்ளை தானாக மேலே வந்துவிடும் என்கிற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பிரபலமான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் பொருளியல் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரபலப் பள்ளியில் கெட்டிக்காரர்கள் நிறைய இருப்பது உண்மைதான், ஆனால் அவர்கள் உள்ளே போகும்போதே கெட்டிக்காரர்கள். உலக அளவில் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வும் வேறொரு பக்கத்திலிருந்து இதையே காட்டுகிறது. வளர்ந்த நாடுகளின் சராசரியை எடுத்தால், மாணவர்களுக்கிடையே உள்ள மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலானது. மீதியில் பெரும்பகுதி ஒரே பள்ளிக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளையின் சுபாவத்தைக் கணக்கில் எடுக்காதது

தொடக்கப் பள்ளியில் முதல் மூன்று ரேங்குக்குள் வந்துகொண்டிருந்த பிள்ளை, எல்லோருமே முதல் மூன்று ரேங்க்காக இருந்த ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தால் இருபத்தெட்டாவது ஆளாகிவிடலாம். அறிவு குறைந்துவிடவில்லை, ஒப்பிடும் ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு அது அப்படித் தெரியாது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்து வந்தார். ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில், மிகத் திறமையானவர்கள் நிறைந்த பள்ளியில் இருப்பவர் தன் திறமையைக் குறைவாகவே மதிப்பிட்டுக்கொள்கிறார் என்பதுதான் அவர் கண்டது. இது பல நாடுகளிலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

இதற்காகப் போட்டி மிகுந்த பள்ளியே வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. சில பிள்ளைகளுக்கு முன்னால் ஓட ஒரு ஆள் இருந்தால்தான் கால் ஓடும். சிலருக்கு ஒரு முறை பின்தங்கினால் உட்கார்ந்துவிடத் தோன்றும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓரளவு இப்போதைய வகுப்பாசிரியருக்கும் தெரியும். ஐந்து வருடமாகப் பிள்ளையைப் பார்த்த தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு பத்து நிமிடம் பேசாமலே புதுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள் பலர். எனக்கு இது எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

இதன் இன்னொரு வடிவம், மூத்த பிள்ளைக்குச் சரிப்பட்டது இளையவனுக்கும் சரிப்படும் என்று எடுத்துக்கொள்வது. இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவது நமக்கு வசதி, சந்தேகமில்லை. அதை வசதி என்றே ஒத்துக்கொண்டு முடிவெடுத்தால் பரவாயில்லை.

காட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

பள்ளியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாளில் எல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். புது ஆய்வகம், அகலத் திரை, வரிசையாக வணக்கம் சொல்லும் மாணவர்கள். முடிந்தால் ஒரு சாதாரண வேலை நாளில் அனுமதி கேட்டுப் போங்கள். இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போவது இன்னும் நல்லது. மணி அடித்த முதல் ஐந்து நிமிடத்தில் தாழ்வாரம் எப்படி இருக்கிறது, ஆசிரியர்கள் யாராவது அங்கே நிற்கிறார்களா, ஓரமாகத் தனியே நிற்கும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். மாணவர்களின் கழிப்பறையையும் பார்த்துவிடுங்கள், விருந்தினர் கழிப்பறையை அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் அங்கே பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்குப் பிடித்த சோதனை நோட்டுப் புத்தகம். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டு ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் போதும், பள்ளி நிர்வாகமே தர வேண்டும் என்பதில்லை. கடைசியாகத் திருத்திய தேதி என்ன? பக்கத்துக்குப் பக்கம் வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, இல்லை "மூன்றாவது படியில் குறியை மாற்ற மறந்துவிட்டாய், திரும்பப் போடு" என்பது போல ஒரு வரியாவது இருக்கிறதா? அப்படி எழுதியிருந்தால் அடுத்த பக்கத்தில் பிள்ளை திரும்பப் போட்டிருக்கிறதா? தப்பான விடைக்கும் டிக் விழுந்திருந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வண்ண விளம்பரக் கையேடு நாற்பது பக்கம் சொல்லாததை இந்த இரண்டு பக்கம் சொல்லிவிடும்.

அப்புறம், தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இங்கே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டுவது, கேலி செய்வது நடந்தால் என்ன செய்வீர்கள்?" "எங்கள் பள்ளியில் அதற்கெல்லாம் இடமே இல்லை" என்று பதில் வந்தால் நான் யோசிப்பேன். நூற்றுக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். பிள்ளை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் அடுத்து என்ன செய்வார், பெற்றோருக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்று படிப்படியாகச் சொல்ல முடிந்தால் அந்தப் பள்ளி யோசித்து வைத்திருக்கிறது என்று நம்பலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவது, கவனக் குறைபாடு போன்ற தனித் தேவை பிள்ளைக்கு இருந்தால் அதை மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இடம் கிடைக்காமல் போகுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். சொன்னதும் முகம் மாறுகிற பள்ளியில் இடம் கிடைத்து என்ன செய்வது?

தூரத்தை லேசாக எடுத்துக்கொள்வது

போக 1 மணி 15 நிமிடம், வர அதே அளவு. நாளைக்கு இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்தால் 500 மணி நேரம் வண்டியில் போகிறது. அது பெரும்பாலும் தூக்கத்திலிருந்து கழிகிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுவதால் இரவு சீக்கிரம் தூக்கம் வராது. காலையில் எழுப்பினால் "சோம்பேறி" என்று திட்டு வாங்குவதுதான் மிச்சம். இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல் பரிந்துரைத்ததும் இதனால்தான். பள்ளி எப்போது தொடங்குகிறது என்பதோடு, வண்டி வீட்டு வாசலுக்கு எப்போது வருகிறது என்றும் கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாள் காலையில், அதே நேரத்தில், அதே வழியில் பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். வரைபடச் செயலி ஞாயிறு மதியம் காட்டிய நேரத்தை நம்ப வேண்டாம். தூரத்தில் இருக்கும் பள்ளியில் இன்னொரு இழப்பும் உண்டு: பள்ளி முடிந்தபின் நடக்கும் விளையாட்டு, நாடகம், மன்றங்கள் எதிலும் பிள்ளை நிற்க முடியாது, வண்டி கிளம்பிவிடும்.

விருப்பப் பட்டியலில் சூதாடுவது

பல ஊர்களில் விண்ணப்பத்தில் மூன்று நாலு பள்ளிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டியிருக்கும். இங்கேதான் அக்கம்பக்கத்து ஆலோசனைகள் குவியும். பழைய முறை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதலிடத்தில் எழுதியவர்களுக்கு முதலில் இடம் கொடுக்கும். நீங்கள் ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காவிட்டால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். அதனால் ஆசைப்பட்டதை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுவதுதான் சாமர்த்தியம் என்று ஆனது. பாஸ்டன் நகரம் இந்த முறையை 2005-ல் கைவிட்டது.

இன்று பல இடங்களில் இருப்பது வேறு முறை. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர்கள் வகுத்த வழியில், எல்லோருடைய பட்டியலையும் முழுவதுமாகப் பார்த்து முடிக்கும் வரை எந்த இடமும் உறுதியாகாது. இரண்டாவதாக எழுதினீர்கள் என்பதற்காக அந்தப் பள்ளி உங்களைப் பின்னுக்குத் தள்ளாது. ஆகவே உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதுவதுதான் நல்லது. (ஷாப்லிக்கும், நியூயார்க் பள்ளிச் சேர்க்கையை இந்த வழியில் சீரமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.) உங்கள் ஊரில் எந்த முறை என்று சேர்க்கை அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள், முந்தைய தலைமுறையின் சாமர்த்தியம் இன்று இடத்தைப் பறிக்கலாம். ஒரே ஒரு பள்ளியை மட்டும் எழுதினால் அதையே கொடுத்தாக வேண்டும் என்பதும் கட்டுக்கதை. அது கிடைக்காவிட்டால் யாரும் கேட்காத பள்ளியில் மீதியிருக்கும் இடம்தான் வரும். பட்டியலின் கடைசியில், நிச்சயம் கிடைக்கக்கூடிய, போனாலும் வருத்தப்படாத பள்ளி ஒன்று இருக்கட்டும்.

இன்னும் சில

மேல் வகுப்புகளில் என்னென்ன பாடப்பிரிவுகள் இருக்கின்றன என்று சேர்க்கும்போதே பாருங்கள். இசையோ இயற்பியலோ அங்கே இல்லை என்று நாலு வருடம் கழித்துத் தெரிந்தால் அப்போது மாற்றுவது சிரமம். திறமை வாரியாக செக்‌ஷன் பிரிக்கிறார்கள் என்றால், எந்த வயதில் பிரிக்கிறார்கள், கீழ் செக்‌ஷனிலிருந்து மேலே போனவர்கள் போன வருடம் யாராவது உண்டா என்று கேளுங்கள். கட்டணம் விசாரிக்கும்போது முதல் வருடத் தொகையோடு நிறுத்தாமல், வண்டி, சீருடை, சுற்றுலா, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து, மேல் வகுப்பில் எவ்வளவு ஆகும் என்று கேட்டால்தான் கணக்கு சரியாக வரும். பள்ளியைப் பற்றிச் சொல்பவரின் பிள்ளை எப்போது அங்கே படித்தது என்பதும் முக்கியம். தலைமையாசிரியர் மாறினால் இரண்டு வருடத்தில் பள்ளியே வேறாகிவிடலாம்.

நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். புது இடத்தில் வகுப்புகளைக் கலைத்துப் போடும்போது பழைய கூட்டம் எப்படியும் சிதறிவிடும். ஆனால் கூச்ச சுபாவமுள்ள, ஒரே ஒரு தோழமையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற பிள்ளைக்கு அந்த ஒரு முகம் முதல் வருடத்தைக் கடத்திவிடும் துணை. அதை அற்பக் காரணமாக ஒதுக்க மாட்டேன். பிள்ளையிடம் கருத்துக் கேட்கும்போது "எந்த ஸ்கூல் வேண்டும்?" என்று மொத்தமாகக் கேட்டால் நீச்சல்குளம் உள்ள பள்ளியைத்தான் சொல்லும். நாமே சம்மதிக்கக்கூடிய இரண்டு மூன்றைச் சுருக்கி வைத்துக்கொண்டு, நேரில் கூட்டிப்போய், திரும்பி வரும் வழியில் "அங்கே உனக்கு எது பிடிக்கலை?" என்று கேளுங்கள். பிடித்ததைவிடப் பிடிக்காததைத்தான் பிள்ளைகள் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, எடுத்த முடிவை மாற்றவே முடியாது என்று நினைப்பது. புதுப் பள்ளியில் முதல் சில மாதங்கள் மதிப்பெண் இறங்குவதும் காலையில் வயிற்றுவலி என்பதும் சகஜம்தான், அதைப் பார்த்துப் பதறி உடனே மாற்ற வேண்டாம். ஆனால் முதல் வருடம் முடிந்தும் பிள்ளை ஞாயிறு மாலையானால் பேச்சை நிறுத்திவிடுகிறது, முன்பு விரும்பிச் செய்தவற்றையும் விட்டுவிட்டது என்றால், வகுப்பாசிரியரிடம் பேசிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாற்றுங்கள். அப்படி மாற்றுவதென்றால் இறுதித் தேர்வுக்கான இரண்டு வருடப் பாடத்திட்டம் தொடங்கும் முன் மாற்றுவது நல்லது. அதன் நடுவில் மாறினால் பாட வரிசை, பிரிவுகள், செய்முறை மதிப்பெண்கள் எல்லாம் குழம்பும். புதுப் பள்ளியில் இடம் எழுத்துப்பூர்வமாக உறுதியாகும் வரை பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்காதீர்கள்.