குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு: சென்னையில் மனுச் செய்யும் முறை

வீட்டில் ஒருவர் தாக்கப்பட்டோ கொல்லப்பட்டோ போனபின், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் பணம் ஏதேனும் வரும் என்று பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. மருத்துவச் செலவுக்கு நகையை அடகு வைக்கிறார்கள், பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறார்கள்; சட்டமோ அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த 357ஏ பிரிவும், அதன் இடத்தில் 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவும், பாதிக்கப்பட்டவரின் மறுவாழ்வுக்கு மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கின்றன. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலும் இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். எதிரி யார் என்றே தெரியாமல் விசாரணை நடக்காத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி வாழ்ந்தவர்களோ நேரடியாக மனுச் செய்யலாம்.

முதல் படி: உங்களுக்குரிய திட்டம் எது?

தமிழ்நாட்டில் பொதுவான இழப்பீட்டுத் திட்டம் 2013-இல் வந்தது. பெண்களுக்கு, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2018-இல் வகுத்து உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தனித் திட்டம் இருக்கிறது. அதன்படி உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையும், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் வரையும், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் வரையும் வழங்கலாம். மத்திய அரசின் இழப்பீட்டு நிதியிலிருந்து வரும் பங்கு, மாநில நிதிநிலை அறிக்கையின் ஒதுக்கீடு, எதிரியிடமிருந்து வசூலாகும் தொகை ஆகியவை இத்திட்டத்தின் நிதியில் சேர்கின்றன. சாலை விபத்துக்கு வழி வேறு. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும்.

இரண்டாம் படி: காகிதங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பேன், ஏனெனில் நியாயமான மனுக்கள்கூட காகிதம் இல்லாமல்தான் தேங்கிப் போகின்றன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, உங்கள் புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே, அதை எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்று எண்ணி வீடு திரும்பிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது தகவல் கொடுத்தவரின் உரிமை. குற்றம் வேறு சரகத்தில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்பதால், வியாசர்பாடியில் நடந்ததை வேளச்சேரியில் சொன்னாலும் பதிவு செய்தாக வேண்டும்.

மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, பின்னர் வழங்கப்படும் காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தாலும் தனியார் மருத்துவமனையில் சேர்த்தாலும், அமில வீச்சு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது அதே சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு. முன்பணம் கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உயிரிழப்பு என்றால் இறப்புச் சான்றிதழும், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும்.

பாலியல் குற்றம் தொடர்பான ஆவணம் எதையும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு காயமும்கூட.

மூன்றாம் படி: எங்கே போவது?

சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பாரிமுனையை ஒட்டிய உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. மனுவை அங்கே கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசலாம். வன்முறைக்கு உள்ளான பெண்கள் 181 என்ற எண்ணை அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தின் உதவியைக் கேட்கலாம். தங்குமிடம், மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தருவதற்காகவே, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் இம்மையங்கள் அமைக்கப்பட்டன.

நான்காம் படி: மனுவில் என்ன எழுதுவது?

குற்றம் எவ்வளவு கொடியது என்று பக்கம் பக்கமாக எழுதுவது இயல்பே. ஆனால் அது ஏற்கெனவே எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. ஆணைக்குழு அறிய விரும்புவது அந்தக் குற்றம் வாழ்க்கையில் ஏற்படுத்திய இழப்பை. மாதவரத்தில் வழிப்பறியின்போது ஓர் ஆட்டோ ஓட்டுநர் குத்திக் கொல்லப்பட்டார், குத்தியவர்கள் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி எழுத வேண்டியவை: கணவரின் மாத வருமானம், அவரை நம்பியிருந்த பிள்ளைகளின் வயது, வாடகை, இதுவரை ஆன மருத்துவச் செலவு, இறுதிச் சடங்குக்கு வாங்கிய கடன். வேறு அரசு உதவி ஏதேனும் கிடைத்திருந்தால் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் இணையுங்கள். பெண்களுக்கான திட்டத்தில் சம்பவம் நடந்த நாள் அல்லது நீதிமன்ற விசாரணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணைக்குழு மன்னிக்கலாம்.

ஐந்தாம் படி: இடைக்கால நிவாரணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்

முழுத் தொகைக்கான மனுவிலேயே இடைக்கால நிவாரணமும் வேண்டும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அமில வீச்சுக்கு 15 நாட்களுக்குள் 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு அதைச் செலுத்த வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள்.

ஆறாம் படி: மனுக் கொடுத்த பிறகு

மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்து இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காலத்தை எண்ணத் தொடங்க அந்தத் தேதியே ஆதாரம். பெண்களுக்கான திட்டத்தில் பொதுவாக 75 விழுக்காடு நிரந்தர வைப்பில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்கும், 25 விழுக்காடு உடனே கைக்கு வரும். சிறுமியர் என்றால் 80 விழுக்காடு வைப்பில் இருக்கும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அவசரத் தேவை வந்தால், வைப்பிலுள்ள தொகையிலிருந்து எடுக்க அனுமதி கேட்டு ஆணைக்குழுவுக்கே எழுதலாம். மனு நிராகரிக்கப்பட்டால், ஆணையின் நகலைக் கையோடு வாங்கி 30 நாட்களுக்குள் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த மேல்முறையீட்டை எழுதித் தரவும் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம்.